ரிம்மில் ஒட்டின கறுப்பு: பிரேக் தூசிக்கு ஒரு சரித்திரம்

சேர்விஸ் ஸ்டேஷனில் கழுவி முடிச்சு வெளியே வரும் காரைக் கொஞ்சம் உத்துப் பாருங்கள். கூரை மின்னும், கண்ணாடி மின்னும், கதவில் முகம் பார்க்கலாம். ஆனா முன் சில்லு ரெண்டிலும், ரிம்மோட உள்மடிப்பில, கபிலமும் கறுப்புமா ஒரு படை அப்படியே இருக்கும். தண்ணி அடிச்சாலும் போகாது. சோப்பு போட்டாலும் பாதிதான் போகும். வத்தேகம டவுனுக்குள்ளேயே ஓடுற வாகனத்தை விட, எல்கடுவைப் பக்கமும் பன்விலைப் பக்கமும் ஏறி இறங்குற வாகனத்துக்கு இது அதிகம்.

பலர் இதை ரோட்டுச் சேறு, தார்க் கறை என்று நினைக்கிறார்கள். அது இல்லை. பிரேக் மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் தேயுற இரும்பும் லைனிங்கும் தூளாகி, சூட்டோடு போய் ரிம்மில் ஒட்டிக்கொள்கிறது. அதுதான் பிரேக் தூசி.

இதைக் கழுவுவது எப்படி என்று கேட்டால் பத்து வரியில் சொல்லிவிடலாம். கட்டுரையின் பின்பாதியில் சொல்லவும் செய்கிறேன். ஆனா அந்தத் தூசிக்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு சரித்திரம் இருக்கு. அது இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் தொடங்கி, ஒரு ஆலைத் தொழிலாளியின் நுரையீரல் வழியாப் போய், கடைசியில் நம்ம தேயிலைக்கும் நம்ம வீட்டுக் கூரைக்கும் வந்து முட்டுது. கராஜ் பக்கமே போகாத ஆளுக்கும் இதில் பங்கு இருக்கு.

ஏத்தத்தை விட இறக்கம்தான் பயம்

மலையில வாழ்றவங்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏத்தத்தில் வண்டி நின்னா தள்ளலாம். இறக்கத்தில் நிக்காட்டி?

1815இல் கண்டி இராச்சியத்தைப் பிடித்த ஆங்கிலேயர், 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு-கண்டி வீதியைப் போட்டார்கள். கடுகண்ணாவைக் கணவாயில் நிற்கும் டோசன் கோபுரம், அந்த வீதியை அமைத்த கப்டன் டோசனின் நினைவாக எழுப்பப்பட்டது. படை போறதுக்காகப் போட்ட ரோட்டில் பிறகு கோப்பி ஏத்தின மாட்டுக் கரத்தைகள் இறங்கின. அந்தக் கோப்பித் தோட்டங்களுக்குத்தான் நம்ம முன்னோர் மன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் காட்டு வழியா நடந்து வந்தார்கள்.

பிறகு ரயில். 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. ரம்புக்கனைக்கும் கடுகண்ணாவைக்கும் இடையில் பாதையின் சாய்வு 45க்கு 1. அதாவது 45 அடி முன்னால போனா 1 அடி உயரும். காரில் போறவனுக்கு இது ஒண்ணுமே இல்லாத ஏத்தம். இரும்புச் சில்லு இரும்புத் தண்டவாளத்தில் உருளும் ரயிலுக்கு இது பெரிய மலை. 1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்குப் பாதை நீண்டது. வத்தேகம ஸ்டேஷன் அந்தப் பாதையில்தான் இருக்கு.

அந்தக் கால ரயில்களை நிறுத்தியது சில்லின் மேல் அழுத்துற கட்டை. முதலில் மரக் கட்டை, பிறகு வார்ப்பிரும்புக் கட்டை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கட்டை கொஞ்சம் தேயும், தேய்ஞ்ச இரும்பு பாதையோரம் கொட்டும். அப்படிப் பார்த்தா வத்தேகமவுக்கு பிரேக் தூசியை முதலில் கொண்டுவந்தது கார் இல்லை, ரயில்தான்.

ஏன் தேயணும்? பிரேக் செய்யும் வேலை ஒண்ணே ஒண்ணுதான்: ஓட்டத்தை வெப்பமாக மாத்துறது. ஒரு சின்னக் கணக்கு. 1,200 கிலோ எடையுள்ள கார் 100 மீற்றர் உயரம் கீழே இறங்குது. அந்த இறக்கத்தை முழுக்க பிரேக்கே தாங்கினால், பிறக்கிற வெப்பம் 3 லீற்றருக்கு மேற்பட்ட பச்சைத் தண்ணியைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். அத்தனை சூடும் உள்ளங்கை அளவு லைனிங்கிலும் ஒரு இரும்புத் தட்டிலும்தான் இறங்குது. ஏதோ ஒண்ணு தேய்ஞ்சே ஆகணும். தேய்ஞ்சது எங்கேயாவது போயே ஆகணும். பிரேக்கின் சரித்திரம் முழுக்க இந்த ரெண்டு கேள்விதான்: எதைத் தேய விடுறது, தேய்ஞ்சது எங்கே போகுது? முதல் கேள்விக்கு எல்லாரும் பதில் தேடினார்கள். ரெண்டாவதை ரொம்ப நாளா யாரும் கேட்கவே இல்லை.

செருப்புத் தோலிலிருந்து கல்நாருக்கு

1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற பெண், புருஷனுக்குச் சொல்லாமல், ரெண்டு மகன்களையும் ஏத்திக்கொண்டு, புருஷன் கார்ல் பென்ஸ் செய்த மூணு சில்லு மோட்டார் வண்டியை மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை ஓட்டிப் போனார். 100 கிலோமீற்றர் அளவு. காரில் போன முதல் தூரப் பயணம் என்று அதைச் சொல்வார்கள். மலை இறக்கங்களில் மரத்தால் ஆன பிரேக் கட்டைகள் தேய்ஞ்சு போச்சு. வழியில் ஒரு செருப்புத் தைக்கிறவரைப் பிடித்து, அந்தக் கட்டைகளின் மேல் தோலை ஆணியடித்து வாங்கினார். நாம இன்னைக்கு லைனிங் என்று சொல்றதோட முதல் வடிவம் அதுதான்.

ஒன்பது வருஷம் கழித்து, 1897இல், இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைப்பக்கத்தில் ஹேர்பர்ட் ஃபுரூட் என்பவர் இதையே தொழிலாக்கினார். அந்த ஊர் விவசாயிகள் கரத்தை இறங்கும்போது பழைய சப்பாத்தை பிரேக் கட்டையில் மாட்டுவதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்ததாம். பஞ்சுத் துணியை அடுக்கடுக்காக வைத்து, தார் போன்ற பிசினில் ஊறவைத்து லைனிங் செய்தார். தன் பேரின் எழுத்துகளை மாத்திப் போட்டு, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்து, கம்பனிக்கு ஃபெரோடோ என்று பேர் வைத்தார். இன்னைக்கும் ஸ்பெயார் பார்ட்ஸ் கடைகளில் அந்தப் பேர் போட்ட பெட்டி இருக்கும்.

பஞ்சுக்கு ஒரு குறை: சூடு ஏறினால் கருகும். கார்களின் வேகம் கூடக் கூட அது தாங்கவில்லை. 1908இல் ஃபுரூட் பஞ்சை விட்டு அஸ்பெஸ்டஸுக்கு மாறினார்.

அஸ்பெஸ்டஸுக்குத் தமிழில் கல்நார் என்ற அழகான பேர் இருக்கு. பேர் சொல்வது போலவே, அது கல்லிலிருந்து உரித்தெடுக்கும் நார். நூலாக நூற்கலாம், துணியாக நெய்யலாம், நெருப்பில் போட்டாலும் எரியாது. விலையும் குறைவு. பிரேக் செய்றவனுக்கு இதை விட வேற என்ன வேணும்? அதுக்குப் பிறகு எழுபது, எண்பது வருஷம், உலகத்தில் லைனிங் என்றாலே பெரும்பாலும் கல்நார்தான். கார், லொறி, ரயில், லிஃப்ட், தொழிற்சாலை இயந்திரம் எல்லாத்திலும்.

நெல்லி கேர்ஷோவின் நெஞ்சு

அந்த நாரை நூலாக நூற்றது யார்? இங்கிலாந்தின் ரோச்டேல் நகரத்தில் டேர்னர் பிரதர்ஸ் என்ற அஸ்பெஸ்டஸ் ஆலை இருந்தது. அங்கே வேலை செய்தவர் நெல்லி கேர்ஷோ. சின்ன வயசிலேயே ஆலை வேலைக்கு வந்தவர். தூசியிலேயே நின்று நின்று மூச்சு விட முடியாமல் போனது. 1924 மார்ச்சில் செத்துப்போனபோது வயசு 33. அவருடைய நுரையீரலைப் பரிசோதித்த டொக்டர் வில்லியம் குக், உள்ளே கல்நார்த் துகள்கள் இருப்பதைக் கண்டு மருத்துவ இதழில் எழுதினார். கல்நார்த் தூசியால் நேர்ந்த மரணம் என்று மருத்துவம் பதிவு செய்த முதல் சம்பவங்களில் ஒன்று அது. கம்பனி பொறுப்பெடுக்க மறுத்தது, நட்ட ஈடும் கொடுக்கவில்லை. பேர் எழுதாத ஏழைக் கல்லறை ஒன்றில் அவரைப் புதைத்தார்கள்.

அந்த ஆலையின் முதலாளிகள் 1920இல் டேர்னர் அண்ட் நியூவோல் என்ற பெரிய நிறுவனமாக இணைந்தார்கள். கொஞ்ச வருஷத்தில் ஃபெரோடோவும் அதே குழுமத்துக்குள் வந்தது. அதாவது நெல்லி போன்றவர்கள் நூற்ற நாரும், உலகம் முழுக்கப் போன பிரேக் லைனிங்கும் ஒரே கணக்குப் புத்தகத்தில்.

1930இல் பிரித்தானிய அரசாங்கத்தின் தொழிற்சாலைப் பரிசோதகர்கள் இதைப் பற்றி ஒரு அறிக்கை கொடுத்தார்கள். 1931இல் ஆலைகளில் தூசியைக் கட்டுப்படுத்த விதிகள் வந்தன. கவனியுங்கள்: ஆலைகளில். லைனிங்கை வாங்கி, துளையிட்டு, உரசி, ரிவெட் அடித்துப் பூட்டும் கராஜ்காரர்களைப் பற்றி அந்த விதிகள் பேசவே இல்லை. குடியேற்ற நாடுகளில் இருந்த கராஜ்களை யார் நினைச்சுப் பார்த்திருப்பார்கள்?

தூசி வெளியே வந்த கதை

இவ்வளவு நாளும் தூசி இருந்தது, ஆனா ரிம்மில் தெரியவில்லை. அதுக்குக் காரணம் ட்ரம்.

1902 பிரேக்கின் சரித்திரத்தில் முக்கியமான வருஷம். பிரான்சில் லூயி ரெனோ ட்ரம் பிரேக்கைக் கொண்டுவந்தார். அதே வருஷம் இங்கிலாந்தில் ஃபிரெட்ரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். ட்ரம்மில் லைனிங் ஒட்டின ஷூ ரெண்டும் மூடின பானைக்குள்ள இருந்து வெளிப்பக்கமா விரியும். தேய்ஞ்சது பெரும்பாலும் பானைக்குள்ளேயே கிடக்கும். டிஸ்க்கில் ஒரு இரும்புத் தட்டை ரெண்டு பக்கத்திலிருந்தும் பேட் வந்து நசுக்கும். எல்லாம் திறந்தவெளி. தேய்ஞ்சது உடனே காத்தில்.

லான்செஸ்டரின் டிஸ்க் செம்பு பேட்டோடு கீச்சிட்டுக் கத்தினது, ரோட்டுப் புழுதியில் சீக்கிரம் தேய்ஞ்சது. அதனால் அரை நூற்றாண்டு ட்ரம்மே ஆண்டது. நம்ம நாட்டில் இன்னும் அன்போடு பராமரிக்கப்படும் மொரிஸ் மைனருக்கு நாலு சில்லிலும் ட்ரம்தான். 1958இல் பஸ்கள் தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை வந்தபோது மலை ரோட்டில் ஏறி இறங்கின பஸ்களும் ட்ரம்தான். சென்னையில் 1964இல் ரானே, 1974இல் சுந்தரம் என்று பிரேக் லைனிங்குக்காகவே கம்பனிகள் எழுந்ததும் இந்த ட்ரம் காலத்தில்தான்.

1953இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் ஜெயித்தது. 1955இல் சிட்ரோயன் டிஎஸ் காரின் முன் சில்லுகளில் டிஸ்க் வந்தது. மெதுமெதுவாக உலகத்தின் எல்லாக் கார்களுக்கும் முன்பக்கம் டிஸ்க் ஆனது. பிரேக் பிடிக்கும்போது காரின் பாரம் முன்னால் சாயும், அதனால் பெரும்பகுதி வேலையை முன் பிரேக்தான் செய்யும். முன் ரிம் அதிகம் கறுக்கிறதுக்குக் காரணம் இதுதான்.

இன்னொரு மாற்றம் அலோய் ரிம். 1924இல் புகாட்டி பந்தயக் காரில் அலுமினிய வார்ப்புச் சில்லு வந்தது. அது சாதாரணக் காருக்கு இறங்க இன்னும் பல பத்தாண்டு பிடித்தது. பழைய ஸ்டீல் ரிம்மை மூடியிருந்த கப் போய், பளபளப்பான கம்பிகள் கொண்ட திறந்த ரிம் வந்தது. தூசி வெளியே வந்த நேரத்திலேயே, அதைக் காட்டிக்கொடுக்கும் கண்ணாடியும் வந்து சேர்ந்தது. பிரேக் தூசி ஒரு “அழுக்கு” ஆனது அப்போதிலிருந்துதான். அதுக்கு முன்னால அது மெக்கானிக்கின் பிரச்சினை மட்டும்.

ஏன் இப்படி ஒட்டுது?

தட்டு வார்ப்பிரும்பு. பேட்டில் பிசின், நார், உலோகத் தூள், கிராஃபைட் என்று பல சாமான். ரெண்டும் உரசும்போது கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துணுக்குகள் சிதறும். சூடா இருக்கும்போதே ரிம்மின் பூச்சில் போய்க் குத்தும். கருகின பிசின் அதுக்குப் பசையாகும். பிறகு மழை, பனி, கழுவின தண்ணி ஏதாவது பட்டால் அந்த இரும்பு துருப்பிடிக்கும். துரு பிடிக்கும்போது ஊதும், பூச்சுக்குள் வேர் விடும். அதனால்தான் ஒரு கிழமைத் தூசி துணியால் போகுது, ஆறு மாசத் தூசி போகவே மாட்டேங்குது. முதலாவது தூசி. ரெண்டாவது துரு.

ஐரோப்பியக் கார்களில் இது அதிகம், ஏன்னா அவற்றின் பேட்டில் பொதுவா உலோகம் கூட, தட்டையும் அதிகம் உரசும். ஜப்பான் கார்களில் பெரும்பாலும் கரிம நார் வகை பேட், தூசி குறைவு. ஹைபிரிட் கார்களில் இன்னும் குறைவு, ஏன்னா வேகத்தைக் குறைக்கும்போது மோட்டார் அந்தச் சக்தியில் ஒரு பகுதியை எடுத்து பெற்றரிக்கு அனுப்புது. ஆனா நம்ம ஊர் போல நீண்ட இறக்கத்தில் பெற்றரி நிரம்பிட்டா, மறுபடி பிரேக்கும் எஞ்சினும்தான் தாங்கணும்.

தேசிக்காயிலிருந்து ஊதா நிறத்துக்கு

நம்ம வீடுகளில் துருவுக்கு மருந்து பழசு: தேசிக்காய், புளி, சாம்பல், தேங்காய்த் தும்பு. பித்தளைக் குத்துவிளக்குக்கு அது சரி. அலோய் ரிம்முக்கு அது சரியில்லை. புளிப்பு, துருவைக் கொஞ்சம் கரைக்கும், ஆனா பூச்சு வெடிச்ச இடத்தில் அலுமினியத்தையும் தின்னும். தும்பும் கம்பி வூலும் பூச்சைக் கீறும், கீறின இடத்தில் அடுத்த தூசி இன்னும் ஆழமாப் போய் உட்காரும்.

கராஜ்களில் மண்ணெண்ணெயும் டீசலும் அடிக்கிற பழக்கம் இருக்கு. அது கிரீஸைக் கரைக்கும், இரும்பைத் தொடாது. அதோட ஒரு ஆபத்து: ஒரு துளி எண்ணெய் பேட்டில் பட்டால் அந்தச் சில்லு சரியாப் பிடிக்காது. மலை ரோட்டில் இதை வைத்து விளையாடக்கூடாது.

கடும் அமிலம் கலந்த ரிம் கிளீனர்கள் இன்னொரு வகை. அவற்றில் சிலதில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அதன் உப்போ இருக்கும். ரிம் நிமிஷத்தில் வெளுக்கும். ஆனா அது தோலில் பட்டால் உடனே வலிக்காமலும் இருக்கலாம். தோலைத் தாண்டி உள்ளே போய், உடம்பின் கல்சியத்தோடு சேர்ந்து, எலும்பு வரைக்கும் பாதிக்கும். லேபல் இல்லாத போத்தலில் ஊத்தித் தர்ற எந்தக் கிளீனரையும் வெறும் கையால் தொடாதீங்க.

இப்போ கடைகளில் கிடைக்கும் இரும்பு நீக்கித் திரவம் வேற மாதிரி. தெளிச்சு ரெண்டு மூணு நிமிஷத்தில் ரிம்மெல்லாம் ஊதா நிறத்தில் வழியும். ஏதோ மந்திரம் போல இருக்கும். உள்ளே இருப்பது தயோகிளைகோலேட் என்ற கந்தகச் சேர்மம். அது துருவிலும் தூசியிலும் இருக்கிற இரும்பைப் பிடித்துக் கரைய வைக்குது, அந்தச் சேர்க்கையின் நிறம்தான் ஊதா. இதே குடும்பத்து இரசாயனத்தைத்தான் 1940களிலிருந்து சலூன்களில் தலைமுடியைச் சுருட்டப் பயன்படுத்துகிறார்கள். அழுகின முட்டை போல ஒரு நாத்தம் வருவது கந்தகத்தால். பெரும்பாலும் அமிலம் இல்லாத வகை என்பதால் பூச்சுக்கு ஆபத்து குறைவு.

செய்முறை இவ்வளவுதான். ரிம் ஆறட்டும், சூட்டில் எதையும் தெளிக்காதீங்க. முதலில் நிறையத் தண்ணி, பிறகு கார் ஷாம்பு, மெல்லிய பிரஷ். அதுக்குப் பிறகும் நிக்கிற புள்ளிகளுக்கு இரும்பு நீக்கி. நிழலில் வைத்து, காய விடாமல், போத்தலில் சொன்ன நேரத்துக்குள் கழுவணும். கையுறை போடுங்க. ரிம்முக்கு வைத்த வாளியும் துணியும் காரின் மத்த இடத்துக்கு வேணாம், அதில் இருக்கிற இரும்புத்தூள் பெயின்ட்டைக் கீறும். கடைசியில் ஒரு மெழுகுப் பூச்சு போட்டால் அடுத்த தடவை வெறும் தண்ணியிலேயே பாதி போகும். ரோட்டுக்கு எடுத்ததும் மெதுவா ரெண்டு மூணு தரம் பிரேக்கை மிதிச்சு ஈரத்தை உலர்த்துங்க.

எழுதாத ஒரு விதியும் இருக்கு: எயார் கன்னால் பிரேக்கை ஊதாதீங்க.

ஊதின காத்து யாருக்குள்ள போச்சு?

ட்ரம்மைக் கழட்டினதும் உள்ளே கிடக்கிற தூசியைக் காத்தடிச்சு ஊதுறதுதான் உலகம் முழுக்க மெக்கானிக்குகளின் வழக்கமா இருந்தது. ரெண்டு செக்கனில் சுத்தம். ஆனா ஊதினது எல்லாம் முகத்துக்கு நேரே வரும், கராஜ் முழுக்க மிதக்கும்.

1986இல் அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம், வாகன மெக்கானிக்குகளுக்காக ஒரு கையேடு போட்டது: பிரேக்கை ஊதாதே, உலர்ந்த பிரஷ் போடாதே, ஈரமாக்கித் துடை. 1994இல் அந்த நாட்டின் தொழில் பாதுகாப்பு விதிகள் இதைக் கட்டாயமாக்கின.

கம்பனிகள் பக்கம் ஒரு வாதம் இருக்கு, அதையும் சொல்லணும். பிரேக்கின் சூட்டில் கல்நாரின் பெரும்பகுதி வேறொரு கனிமமா மாறிடுது, அதனால் தேய்ஞ்ச தூசியில் மிச்சமிருக்கும் நார் கொஞ்சம்தான் என்பது அது. அளந்து பார்த்த ஆய்வுகள் இதைப் பெரும்பாலும் ஒத்துக்கொள்கின்றன. ஆனா புது லைனிங்கை ஷூவுக்குப் பொருத்த உரசும்போதும் துளையிடும்போதும் பறப்பது மாறாத நார். அதோட உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், வெள்ளை உட்பட எல்லா வகைக் கல்நாரையும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்றே வகைப்படுத்தியிருக்கு. நோய் வெளியே தெரிய இருபது, முப்பது, நாப்பது வருஷமும் ஆகும். இருபது வயசில் ஊதினதுக்கு ஐம்பது வயசில் பில் வரும். அந்த நேரம் அந்தக் கராஜும் இருக்காது, முதலாளியும் இருக்கமாட்டார்.

பிரித்தானியா 1999இல் வெள்ளைக் கல்நாரையும் தடை செய்தது. அமெரிக்கா 1989இல் போட்ட தடையை 1991இல் நீதிமன்றம் பெரும்பகுதி ரத்து செய்தது. 2024இல்தான் மறுபடி தடை வந்தது, அதில் கடைகளில் விற்கும் பிரேக் லைனிங்கும் அடக்கம். நெல்லி செத்து சரியா நூறு வருஷம்.

ஒரு வண்டும் ஒரு தேயிலைப் பொதியும்

இனி நம்ம கதை. இலங்கையில் கல்நார் என்றால் பிரேக்கை விட அதிகம் ஞாபகம் வருவது கூரைதான். தோட்டங்களிலும் டவுன்களிலும் தகரம் போன இடங்களில் அஸ்பெஸ்டஸ் சீட் வந்தது. மலிவு, மழைச் சத்தம் குறைவு, துருப்பிடிக்காது. முழுசா இருக்கும்போது ஆபத்து குறைவு. வெட்டும்போதும், உடையும்போதும், பழசாகி உதிரும்போதும்தான் நார் பறக்கும்.

கல்நாரை 2024க்குள் படிப்படியா நிறுத்துவது என்று இலங்கை அரசாங்கம் முடிவெடுத்தது. 2018 தொடக்கத்திலிருந்து இறக்குமதிக் கட்டுப்பாடு வர இருந்தது. 2017 டிசம்பரில், இலங்கையிலிருந்து போன ஒரு தேயிலைப் பொதியில் கப்ரா வண்டு இருந்ததாகச் சொல்லி, ரஷ்யா இலங்கைத் தேயிலையை வாங்குவதைத் தற்காலிகமாக நிறுத்தியது. ரஷ்யா நம்ம தேயிலையின் மிகப் பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்று. அதே ரஷ்யாதான் உலகத்தின் மிகப் பெரிய கல்நார் ஏற்றுமதி நாடு. சில நாட்களில் இலங்கை அமைச்சரவை கல்நார்க் கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது. வருஷம் முடியுமுன்னே தேயிலைத் தடை நீங்கியது. ரெண்டுக்கும் தொடர்பு இருக்கு என்று உள்நாட்டுப் பத்திரிகைகளும் வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களும் அப்போதே எழுதின.

இதைக் கொஞ்சம் நின்று யோசிங்க. கொழுந்து எடுக்கிறவங்க நம்ம ஆட்கள். அந்தக் கொழுந்து விலைபோகணும் என்பதற்காக, அதே ஆட்களின் கூரைக்கும், அவங்க பிள்ளைகள் வேலை செய்யும் கராஜுக்கும் வரும் ஒரு நாரின் தடையை விட்டுக்கொடுத்தார்கள். தேயிலைச் சந்தை மூடினால் தோட்டத்தில் சம்பளம் போகும், அது உண்மை. அரசாங்கத்துக்கு இருந்தது லேசான தெரிவு இல்லை. ஆனா அந்தப் பேரத்தில் ரெண்டு தட்டிலும் இருந்தது ஒரே சனம். அவங்களை யாரும் கேட்கவில்லை. 1924இல் ரோச்டேலில் நடந்ததுக்கும் இதுக்கும் தூரம் நிறைய இருக்கலாம், கணக்குப் போடுற முறை ஒண்ணுதான்.

கல்நார் போனா முடிஞ்சுதா?

இல்லை. கல்நாருக்குப் பதில் வந்த பேட்களில் பலதில் செம்பு இருந்தது. மழையில் அது கழுவுப்பட்டு ஆற்றுக்குப் போகும். சல்மன் மீனின் மோப்ப சக்தியைச் செம்பு கெடுக்குது என்று தெரிந்ததும், அமெரிக்காவின் வாஷிங்டன், கலிஃபோர்னியா மாநிலங்கள் 2010இல் பிரேக் பேட்டில் செம்பைக் குறைக்கச் சட்டம் போட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய யூரோ 7 விதிகளில், வரலாற்றில் முதல் தடவையா, பிரேக் தூசிக்கே ஒரு வரம்பு இருக்கு: சாதாரணக் கார் ஒரு கிலோமீற்றருக்கு 7 மில்லிகிராமுக்கு மேல் நுண்தூசி விடக்கூடாது, முழு மின்சாரக் கார் 3. புகைக்குழாயை மட்டும் அளந்த உலகம் இப்போதான் சில்லையும் அளக்கத் தொடங்குது.

கண்டி மலைகளுக்கு நடுவில் ஒரு சட்டி போல இருக்கிற நகரம். அங்கே எழும்பும் அழுக்குக் காத்து லேசில் வெளியே போகாது. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒலிவர் இலேபெரும போன்றவர்கள் கண்டியின் காத்து மாசைப் பற்றிப் பல வருஷமா எழுதி வந்தவர்கள். அந்தப் பேச்சில் புகைக்கு இருக்கிற இடம் இன்னும் பிரேக் தூசிக்கு வரவில்லை. 2020இலிருந்து பல வருஷம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால், நம்ம ரோட்டில் பழைய வாகனங்கள் நிறைய. பழசுக்குப் புது லைனிங் அடிக்கடி வேணும், மலிவாவும் வேணும்.

ஓ.எல். முடிச்சு கராஜிலும் சேர்விஸ் ஸ்டேஷனிலும் வேலைக்குச் சேர்ற பொடியன்கள் தோட்டங்களில் நிறைய. இதை வாசிக்கிற உங்களிலும் சிலர் இருக்கலாம், உங்க தம்பியோ கூடப் படிச்சவனோ இருக்கலாம். சட்டம் வரும் வரைக்கும் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கு. லைனிங் வாங்கும்போது அஸ்பெஸ்டஸ் இல்லை என்று பெட்டியில் எழுதியிருக்கான்னு பாருங்க, எழுதாததை வேணாம்னு சொல்லுங்க. ட்ரம்மைக் கழட்டினா ஊதாதீங்க, சோப்புத் தண்ணியால் நனைச்சுத் துடைங்க, துடைச்ச துணியைப் பையில் கட்டி எறிங்க. வேலை உடுப்போட வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்காதீங்க. ஓட்டுறவங்க, ஏறின கியரிலேயே இறங்குங்க. மலை ட்ரைவர்மார் காலங்காலமாச் சொல்ற அந்த விதி பிரேக்கைக் காப்பாத்தும், தூசியையும் குறைக்கும்.

ரிம்மில் ஒட்டினதைக் கழுவிடலாம், அதுக்கு ஊதாத் திரவம் இருக்கு. நெஞ்சில் ஒட்டினதுக்கு அப்படி ஒண்ணும் கிடையாது. அடுத்த தடவை சேர்விஸ் ஸ்டேஷனில் காரை விடும்போது, கழுவுற பொடியனுக்கு ஒரு மாஸ்க்கும் கையுறையும் இருக்கான்னு முதலாளிக்கிட்ட கேட்டுப் பாருங்க. காசு கொடுக்கிறவங்க கேட்டால் காதில் விழும்.